தலைமன்னார்க் கரையில் எழுதி வைத்த கணக்கு

சகோதரிகளே! பிள்ளைகளின் பள்ளிக்கூட வரைபடப் புத்தகம் கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் எடுத்துப் பிரித்துக் கொள்ளுங்கள். இலங்கையின் வடமேற்கில், இந்தியாவை நோக்கி நீட்டிய விரலைப் போல ஒரு தீவு தெரிகிறதா? அதுதான் மன்னார்த் தீவு. அந்த விரலின் நுனிதான் தலைமன்னார். அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கடல்வழியே சுமார் 30 கிலோமீட்டர்தான். இரண்டுக்கும் நடுவே மணல் திட்டுகள் வரிசையாகக் கிடக்கின்றன. நாம் அதை ஆதம் பாலம் என்கிறோம். இந்து மக்கள் இராமர் அணை என்கிறார்கள்.

இந்த ஊருக்கு உங்களை அழைத்துச் செல்லப் போகிறேன். "மணலும் பனையும் வெயிலும் தவிர அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்பீர்கள். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருந்து விருந்தாளிகள் வந்திறங்கும் ஊர் இது. அந்த விருந்தாளிகளின் கணக்கை எழுதி வைக்கும் சிலரும் இங்கே வந்து போகிறார்கள். அந்தக் கணக்குக்கும் உங்கள் வீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்பதைப் போகும் வழியில் சொல்கிறேன்.

தாம்போதியைக் கடக்கும்போது

ரயிலில் வந்தால் மதவாச்சியைத் தாண்டித்தான் மன்னாருக்கு வர வேண்டும். உள்நாட்டுப் போரினால் நின்று போன தலைமன்னார் ரயில்பாதை, 2015ஆம் ஆண்டு மார்ச் 14 அன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டது. பெருநிலத்திலிருந்து தீவுக்குள் நுழைய ஒரு நீண்ட தாம்போதியைக் கடக்க வேண்டும். தாம்போதி என்றால் கடல்நீருக்கு நடுவே மண்ணையும் கல்லையும் கொட்டி உயர்த்திப் போட்ட பாதை.

அக்டோபரிலிருந்து மார்ச் வரையான மாதங்களில் வந்தீர்களானால், இங்கே ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். பெருநிலப் பக்கத்தில் வங்காலை என்ற ஊர். அதை ஒட்டிய ஆழமில்லாத நீர்ப்பரப்பில் ஊசிவால் வாத்துகள் கூட்டம் கூட்டமாக மிதக்கும். நீண்ட கால்களோடு பூநாரைகள் தலையைக் கவிழ்த்து இரை தேடும். இந்த இடத்தை இலங்கை அரசு 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2010இல் இது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது.

ஊசிவால் வாத்து இங்கே முட்டையிடுவதில்லை. அதன் பிறந்த ஊர் வடக்கே, குளிர் மிகுந்த நாடுகளில். அங்கே பனி மூடி இரை இல்லாமல் போகும்போது தெற்கே வருகிறது. இலங்கைக்குத் தெற்கே பார்த்தால் வெறும் சமுத்திரம்தான். ஆகவே மத்திய ஆசியா வழியாக வரும் பறவைகளுக்கு இந்தக் கரை பயணத்தின் கடைசி முசாபர்கானா மாதிரி. இங்கே இடமில்லை என்று சொன்னால் அவை வேறெங்கே போகும்?

பெருக்கமரம் சொல்லும் பழங்கதை

மன்னார் நகரத்துக்கு அருகே பள்ளிமுனையில் ஒரு மரம் நிற்கிறது. ஊரார் அதைப் பெருக்கமரம் என்கிறார்கள். ஆளுயரத்தைப் போல நான்கு மடங்குதான் உயரம் இருக்கும். ஆனால் அடிமரத்தின் சுற்றளவோ 19 மீட்டருக்கு மேல்! பத்துப் பன்னிரண்டு பேர் கைகோத்து நின்றால்தான் கட்டிப் பிடிக்க முடியும். இது ஆப்பிரிக்காவின் மரம். அரபு நாட்டு மாலுமிகள் கொண்டுவந்து நட்டார்கள், அவர்களுடைய ஒட்டகங்களுக்குத் தழை வேண்டுமென்று வளர்த்தார்கள் என்பது ஊர் வழக்கு.

ஊர் வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தியாவிலுள்ள பெருக்கமரங்களின் மரபணுவை ஆப்பிரிக்க மரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்த ஓர் ஆய்வு 2015இல் வெளிவந்தது. ஆப்பிரிக்காவின் பல பகுதிகளிலிருந்து, பல காலங்களில், பல முறை இவை கடல் கடந்து வந்தன என்று அந்த ஆய்வு கூறியது. நம் பாட்டனார்கள் பாய்க்கப்பலில் வியாபாரம் செய்த காலத்தின் சாட்சி, ஒரு மரத்தின் உடம்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. படிக்கத் தெரிந்தவர் வரும்வரை அது காத்திருந்தது, அவ்வளவுதான்.

சாட்சி என்ற சொல்லை இந்தத் தீவில் லேசாகச் சொல்லிவிட முடியாது. எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதலிய முஸ்லிம் ஊர்கள் இந்தத் தீவில்தான் இருக்கின்றன. 1990 அக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, இந்த ஊர்களும் காலியாயின. மாகாணம் முழுவதிலுமிருந்து சுமார் 75,000 பேர் வெளியேறினார்கள். மன்னார்க் குடும்பங்களில் பெரும்பாலானவை புத்தளம் பக்கத்தில் அகதிகளாக ஒதுங்கின. 2009இல் போர் முடிந்து திரும்பி வந்தவர்களுக்கு என்ன கஷ்டம் தெரியுமா? உறுதிப்பத்திரம் எங்கே, எல்லைக்கல் எங்கே என்ற கேள்விகள்தான். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண்ணில், வாழ்ந்ததற்குக் காகிதம் காட்ட வேண்டியதாயிற்று. எழுதி வைத்த கணக்கின் அருமையை அந்த வீட்டுப் பெண்களைப் போல வேறு யாரும் அறிந்திருக்க மாட்டார்கள்.

மனிதனுக்கே இந்த நிலை என்றால், வாய் பேசாத ஜீவன்களுக்கு யார் சாட்சி சொல்வது?

ஆதம் பாலத்து மணல் திட்டுகள்

இப்போது தீவின் நுனிக்கு வந்துவிட்டோம். வெளிச்ச வீடு ஒன்று, பக்கத்தில் உளுத்துப்போன பழைய துறைமுகப் பாலம், கடலோரம் வலைகள். 1914இல் இங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடத் தொடங்கியது. சென்னையில் ரயிலேறினால் கடலைக் கப்பலில் தாண்டி மறுபடி ரயிலேறிக் கொழும்பில் இறங்கலாம். போட் மெயில் என்றால் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை விழுங்கியது. அதன்பின் இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1984இல் நின்றது.

மனிதரின் கப்பல் நின்றாலும் பறவைகளின் போக்குவரத்து நிற்கவில்லை. கரைக்கு அப்பால் தெரியும் மணல் திட்டுகளில் ஆலாக்கள் கூடுகூட்டமாக முட்டையிடுகின்றன. கூடு என்று சொன்னேனே தவிர, சுள்ளியோ புல்லோ கிடையாது. வெறும் மணலில் ஒரு சிறு குழி, அதில் மணல் நிறத்திலேயே முட்டை. தெரியாமல் ஒருவர் நடந்து போனால் காலடியில் ஒரு குடும்பமே நசுங்கிப் போகும். இந்தத் திட்டுகளையும் சுற்றியுள்ள கடலையும் 2015இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அனுமதியின்றி அங்கே இறங்கக் கூடாது.

நண்டு தின்னும் ஒரு வெள்ளை உள்ளானும் இங்கே உண்டு. அது கூடு கட்டாது. மணலைத் தோண்டி வளை அமைத்து, உள்ளே முட்டையிடும். மணலின் சூடே முட்டைக்குக் கதகதப்பு. இந்த இனத்தின் முக்கியமான இருப்பிடம் அரபு நாடுகளின் கடற்கரைகள்தான். ஓமானிலும் பாரசீக வளைகுடாத் தீவுகளிலும் இதன் வளைகளைக் காணலாம். பெருக்கமரத்தைப் போல இதுவும் நமக்கு அரபுக் கரையோடு உள்ள உறவை நினைவூட்டுகிறது.

இத்தனை விவரமும் யார் சொல்லித் தெரிந்தது? கொழும்புப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையோடு சேர்ந்து இயங்கும் ஒரு பறவை ஆய்வுக் குழு இருக்கிறது. 1976இல் தொடங்கியது. அந்தத் துறையின் ஆசிரியர்களும் மாணவ மாணவியரும் பல ஆண்டுகளாக இந்தக் கரைக்கு வருகிறார்கள். பறவையை நோகாமல் வலையில் பிடித்து, எடை பார்த்து, சிறகை அளந்து, காலில் எண் பொறித்த இலேசான உலோக வளையத்தை மாட்டிப் பறக்க விடுகிறார்கள். அந்தப் பறவை உலகின் எந்த மூலையில் மறுபடி அகப்பட்டாலும், எண்ணைப் பார்த்து "இது மன்னாருக்குப் போன பறவை" என்று சொல்லிவிடலாம்.

இன்னும் ஒரு படி மேலே போய், சூரிய ஒளியில் இயங்கும் சிறு கருவியைப் பறவையின் முதுகில் பொருத்தினார்கள். பேராசிரியர் சம்பத் செனவிரத்னவின் தலைமையில் நடந்த வேலை இது. 2021இல் இப்படி மன்னாரிலிருந்து புறப்பட்ட ஒரு கடற்காகம் இந்தியாவைக் கடந்து, மத்திய ஆசியாவைக் கடந்து, ரஷ்யாவின் வடதுருவக் கரை வரை போனது. அங்கே கோடையைக் கழித்துவிட்டு, குளிர் வந்ததும் மறுபடி மன்னாருக்கே திரும்பியது. போன வழியையும் வந்த வழியையும் அந்தச் சிறு கருவி ஒவ்வோர் இடமாகக் குறித்து அனுப்பியிருந்தது.

முத்துக்குளித்தவர்கள் வைத்த கணக்கு

"பறவையை எண்ணி என்ன ஆகப் போகிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு இதே கடலில் நடந்த ஒரு பழைய சங்கதியைச் சொல்லலாம்.

தீவுக்குத் தெற்கே அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி என்று கரையோர ஊர்கள். அவற்றுக்கு எதிரே கடலடியில் முத்துச்சிப்பி விளையும் பார்கள் இருந்தன. முத்துக்குளிப்பைச் சலாபம் என்பார்கள். கீழக்கரையிலிருந்து நம் மக்கள் வந்தார்கள். பாரசீக வளைகுடாவிலிருந்து அரபிகள் வந்தார்கள். காயிதம், தராசு சகிதம் வியாபாரிகள் வந்தார்கள். கல்லில் கால்வைத்து மூழ்குகிறவனின் கயிற்றை மேலே மச்சான் பிடித்திருப்பான், தன் சகோதரி விதவையாக அவன் சம்மதிக்க மாட்டான் அல்லவா என்று சொல்வார்கள்.

ஆனால் நினைத்த ஆண்டில் சலாபம் நடத்த முடியாது. முதலில் சில பேரை மூழ்கவிட்டு, மாதிரிக்குச் சிப்பி எடுத்து, அதன் வயதென்ன, எவ்வளவு கிடக்கிறது என்று பார்ப்பார்கள். நான்கைந்து வயதாகாத சிப்பியைத் தொடக் கூடாது. எண்ணிப் பார்த்த பிறகுதான் குளிப்பு.

1891க்குப் பிறகு பார்கள் வெறுமையாகிப் பல ஆண்டுகள் சலாபமே நடக்கவில்லை. அரசாங்கம் கவலைப்பட்டு, லிவர்ப்பூல் நகரத்து இயற்கை வரலாற்றுப் பேராசிரியர் ஹெர்ட்மனை அழைத்தது. 1902இல் அவர் ஜேம்ஸ் ஹார்னெல் என்ற உதவியாளரோடு வந்தார். மணல் நகர்ந்து வந்து குஞ்சுச் சிப்பிகளை மூடிவிடுகிறது, மீன்கள் தின்றுவிடுகின்றன, நெருக்கத்தாலும் மடிகின்றன என்று கண்டறிந்தார்கள். பாதுகாப்பான இடத்துக்குக் குஞ்சுகளை மாற்றி வளர்க்கலாம் என்று யோசனை சொன்னார்கள். கடலடியிலிருந்து வாரிய எல்லா உயிர்களையும் இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்று, 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக அறிக்கை வெளியிட்டார்கள். அதில் கடற்பாசி போலத் தோன்றும் நுண்ணிய உயிரினங்களைப் பற்றிய பகுதிகளை எழுதியவர் லாரா ரோஸ்கோ தார்ன்லி என்ற பெண்மணி. மன்னார்க் கடலை உலகுக்கு எழுதிக் காட்டியதில் ஒரு பெண்ணின் கையும் இருந்தது என்பதை நம் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

அதற்குப் பின் என்ன ஆயிற்று? 1903 முதல் 1907 வரை ஆண்டு தவறாமல் சலாபம். 1905இல் மட்டும் சுமார் 8 கோடிச் சிப்பிகள் வெளியே வந்தன. இந்த வருமானத்தைப் பார்த்து, 1906இல் லண்டன் கம்பெனி ஒன்று 20 ஆண்டுக் குத்தகைக்குப் பார்களை எடுத்தது. 1907க்குப் பிறகு குளிப்பதற்குச் சிப்பி இல்லை. குத்தகைக் காலம் முடியும் முன்னரே கம்பெனியை மூட வேண்டியதாயிற்று. கணக்கெடுப்பது எதற்காக? எவ்வளவு அள்ளலாம் என்று தெரிந்துகொள்ள மட்டுமல்ல. எங்கே கையை நிறுத்த வேண்டும் என்று தெரிந்துகொள்ளவும்தான். அறிக்கை அலமாரியில் பத்திரமாக இருந்தது. சிப்பிதான் இல்லாமல் போயிற்று.

அலமாரிக்குள் இருக்கும் பொக்கிஷம்

ஊர் திரும்பும்போது கொழும்பில் ஒரு பகல் தங்குங்கள். அங்கே நூதனசாலை என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். தமிழகத்தில் அருங்காட்சியகம் என்று சொல்வதுதான். 1877இல் திறக்கப்பட்ட அந்த வெள்ளைக் கட்டடத்தைக் கட்டியவர் வாப்பிச்சி மரைக்கார் என்ற முஸ்லிம். "என்ன வெகுமதி வேண்டும்?" என்று கவர்னர் கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் மூடி வைத்தால் போதும் என்று அவர் கேட்டுக்கொண்டதாகச் சொல்வார்கள். பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் உரிய பகுதி 1986இல் தனி நூதனசாலையாகப் பக்கத்திலேயே அமைந்தது.

செத்த பறவைக்குள் பஞ்சடைத்து வைப்பதில் என்ன பயன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஒரு முட்டைக் கதையைச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் ராஜாளிகள் குறைந்துகொண்டே போயின. கூட்டிலேயே முட்டைகள் உடைந்தன. டெரெக் ராட்க்ளிஃப் என்பவர், பழைய சேகரிப்புகளில் இருந்த முட்டை ஓடுகளையும் புதிய ஓடுகளையும் ஒப்பிட்டு 1967இல் எழுதினார். 1940களின் பிற்பகுதியிலிருந்து ஓடு மெலிந்துவிட்டிருந்தது. அந்தக் காலத்தில்தான் டி.டி.டி. என்ற பூச்சிமருந்து வயல்களில் பரவியது. அந்த நஞ்சு இரை வழியாகப் பறவைக்குள் போய் ஓட்டை மெலிய வைத்திருக்கிறது. பல நாடுகள் பின்னர் வயல்களில் அதைத் தடை செய்தன. தானியத்திலும் காய்கறியிலும் நம் பிள்ளைகளின் வயிற்றுக்குள் போகக்கூடிய நஞ்சல்லவா அது! யாரோ பழைய காலத்தில் தேதி எழுதி வைத்த முட்டை ஓடு, எல்லோருடைய சாப்பாட்டுக்கும் காவலாயிற்று.

இன்னொரு செய்தி. அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் விலங்கியல் காட்சிசாலையை 1908இல் தன் சொந்தப் பணத்தில் நிறுவியவர் ஆனி அலெக்ஸாண்டர் என்ற பெண்மணி. அதன் முதல் தலைவர் ஜோசப் கிரின்னெல், எந்த இடத்தில், எந்த நாளில், எந்தப் பிராணியைக் கண்டோம் என்று ஒவ்வொன்றையும் நோட்டுப் புத்தகத்தில் எழுத வைத்தார். இதன் பயன் நூறாண்டு கழித்துத்தான் தெரியும் என்று அவர் நம்பினார். அப்படியே நடந்தது. 2003 முதல் அதே இடங்களுக்குத் திரும்பிச் சென்று பார்த்தார்கள். யோசெமிட்டி மலையில் அவர்கள் ஆராய்ந்த 28 வகைச் சிறு விலங்குகளில் பாதி, வெப்பம் ஏறியதால் சராசரியாக 500 மீட்டர் மேலே ஏறிவிட்டிருந்தன. அந்த நோட்டுப் புத்தகம் இல்லாவிட்டால், அவை எப்போதும் அங்கேதான் இருந்தன என்று நினைத்திருப்போம்.

காற்றாடிக்கும் சிறகுக்கும் நடுவே

மறுபடி மன்னாருக்கு வருவோம். தீவின் தெற்குக் கரையோரம் 2020 டிசம்பரில் 30 பெரிய காற்றாலைகள் இயங்கத் தொடங்கின. மொத்தம் 103.5 மெகாவாட். புகையில்லாத மின்சாரம் நாட்டுக்கு வேண்டியதுதான். மின்வெட்டில் பிள்ளைகளை மெழுகுவர்த்தியில் படிக்க வைத்த தாய்மார் அதை மறுக்க மாட்டார்கள். ஆனால் அந்த இறக்கைகள் சுழலும் வானத்தில்தான் நம் விருந்தாளிகளின் பாதையும் இருக்கிறது.

பின்னர் 250 மெகாவாட்டுக்கு இன்னொரு திட்டம் வந்தபோது, சுற்றுச்சூழல் அமைப்புகள் 2024இல் இலங்கை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. வலசைப் பறவைகளின் வழி என்பது அவர்களுடைய வாதங்களில் முக்கியமானது. திட்டத்தைக் கொண்டுவந்த இந்திய நிறுவனம் 2025 பிப்ரவரியில் விலகிக்கொண்டது. அதற்கு விலைப் பேச்சு முதலிய வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். "இங்கே பறவைகள் வருகின்றன" என்று வாயால் சொன்னால் யார் கேட்பார்கள்? எந்தப் பறவை, எத்தனை, எந்த மாதத்தில், எந்த வழியாக என்று எழுதி வைத்திருந்தால்தான் சபையில் எடுபடும். எங்கே காற்றாலை நிறுத்தலாம், எங்கே கூடாது என்று நியாயமாகத் தீர்மானிக்கவும் அந்தக் கணக்குத்தான் வேண்டும். உறுதிப்பத்திரம் இல்லாமல் தவித்த மன்னார் மக்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கடன் கொடுத்தால் எழுதிக்கொள்ளச் சொன்ன மார்க்கம் நம்முடையது. இந்தக் கடலும் கரையும் கூட, பிறக்கப்போகும் பிள்ளைகளிடம் நாம் வாங்கியிருக்கும் கடன்தானே?

பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை, சகோதரிகளே. எழுதி முடித்த பள்ளிக்கூட நோட்டில் மிச்சமிருக்கும் நாலு தாள் போதும். தேதி, இடம், பறவை, எத்தனை என்று நாலு கட்டம் போட்டுக் கொடுங்கள். வீட்டு முற்றத்துக்கு வரும் சிட்டுக்குருவியிலிருந்தே பிள்ளை ஆரம்பிக்கட்டும். பெயர் தெரியாவிட்டால் நிறத்தையும் அலகையும் எழுதட்டும். கடற்கரையில் முட்டை கண்டால் தொடாமல் விலகி நடக்கச் சொல்லிக் கொடுங்கள். விடுமுறைக்கு ஊர் போகும்போது ஒரு பகல் நூதனசாலைக்கு அழைத்துப் போங்கள். வெள்ளிக்கிழமையைத் தவிர்த்து இன்னொரு நாளாகப் பார்த்துக் கொண்டால், மரைக்காருக்கு மரியாதை செய்த மாதிரியும் ஆகும்.